மூன்றாம் சிலிண்டர்

பண்டாரவளை, நஸ்மியின் கடை.
"ஏழு சூடு, எட்டு குளிர்.
எண் ஏற ஏறக் குளிரும்."
நுவரெலியா ரோட்டைச் சொல்வதுபோலச் சொல்கிறான்.

கழற்றிய பிளக் நான்கையும்
கண்ணாடி மேல் பரப்பினேன்.
மற்றதெல்லாம் மாரி பிஸ்கட் நிறம்.
மூன்றாவது மட்டும் எண்ணெய்க் கரி.

தொண்ணூற்றிரண்டு லான்சர், டர்போ.
ஹப்புத்தளை ஏற்றத்தில் மிதித்தால்
ஒருமுறை இருமும்,
பிறகுதான் பாயும்.

"இரிடியம் போடுங்க மிஸ், லட்சம் கிலோமீட்டர்."
லட்சத்துக்கு நானே உத்தரவாதமில்லை.
சாதாவே போதும்.
மூன்று எட்டு, ஒரு ஏழு.

"செட்டைக் கலைக்கிறதா?"
ரிங் மாற்றக் காசில்லை என்பதை
இவனிடம் ஏன் சொல்ல?
"ஒன்றுக்குச் சளி" என்றேன்.

வாசலில் பனி இறங்கிவிட்டது.
இடைவெளி பார்க்கும் தகட்டைத் தேடிக்
கைப்பையைக் கவிழ்த்தேன்.
சம்பளச் சீட்டின் மடிப்புக்குள் இருந்தது,
புள்ளி ஏழு மில்லிமீட்டர்.