ஏழாம் எண் பம்பு நிலையம்

சோஹாரில் நோன்பு மாதம் பிறந்ததை
பிறை பார்க்காமலே சொல்வேன்.
உள்வரத்து மீட்டரில்
காலை ஏழு மணி மேடு சரிந்து
பின்னிரவு மூன்றுக்கு எழுந்து நிற்கும்.
ஊர் எப்போது உறங்குகிறது, எப்போது கை கழுவுகிறது,
கிரிக்கெட் இடைவேளையில் எத்தனை பேர் ஒன்றாக எழுந்தார்கள்,
எல்லாம் எனக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் படிக்கத்தான் பரீட்சை.
இரண்டாம் நிலை ஆபரேட்டர். நூறு கேள்வி, மூன்று மணி நேரம்.
கேம்ப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால்
விளக்கு எரியும் ஒரே சீட் என்னுடையது.
கசடின் வயது எத்தனை நாள்?
கசடு என்றால் குற்றம் என்று பள்ளியில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியவன் நான்.
இங்கே கசடுக்கு வயது உண்டு, பசி உண்டு,
கிழடு தட்டினால் நுரை பழுப்பாகும்.
ரோவெனா மைக்ரோஸ்கோப்பைத் தள்ளித் தந்தாள்.
காம்பில் ஆடும் சின்ன மணி ஒன்று
சட்டென்று சுருண்டு, மறுபடி நீண்டது.
இது இருந்தால் தொட்டி நலம் என்றாள்.
நோட்டில் வரைந்தேன். காம்பு கோணலாக வந்தது.

எழுபது எடுக்க வேண்டும். எழுபத்தொன்று.
பேட்ஜில் புதுப் பட்டை:
இ. மாசிலாமணி, நிலை இரண்டு.
பெயரைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம்,
நானும் சிரித்தேன்.

பட்டையோடு ஒரு வேலையும் வந்தது.
ஏழாம் நிலையம் மாதம் நாலு தடவை அடைக்கிறது,
எல்லாம் அந்த லேபர் கேம்ப் எண்ணெய், என்றார் ஹமூத்.
உன் ஆட்கள், உன் பாஷை. போய்ப் பேசு.

வியாழன் இரவு, மெஸ் ஹால்.
பிரியாணி அண்டா இன்னும் சூடு.
அறுபது பேர். பாதிப்பேர் செல்போனில்
குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு.
மேசைமேல் ஒரு ஜாடி வைத்தேன்:
ஏழாம் பம்பில் வெட்டி எடுத்த கொழுப்பு,
சோப்புக் கட்டி வெள்ளை,
உள்ளே புதைந்த ஒரு ஷாம்பு பாக்கெட்.
செல்போன்கள் இறங்கின.

பேச்சுத்தான் தடுக்கியது.
இங்கிலீஷில் ஆறு மாதம் படித்ததற்கு
தமிழில் எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம்
யாரையோ ஏச யாரோ செய்து வைத்தவை.
கழிவுநீர் என்றேன், அரசாங்கப் பலகை போல ஒலித்தது.
நம்ம தண்ணி என்று மாற்றினேன்.
நம்ம தண்ணி இந்தக் குழாயில் இறங்கி
பதினோரு கிலோமீட்டர் போய்
ஒரு பகல் ஒரு ராத்திரி காற்றைக் குடித்து
மணலில் வடிந்து
ரவுண்டானா புல்லுக்கும், நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற
வேப்பமரத்துக்கும் போகுது.
எண்ணெயை டின்னில் ஊற்றி வையுங்கள்.
வாரம் இரண்டு முறை வண்டி வரும்.

கேள்வி உண்டா?
சாரம் கட்டும் ஜெகதீசன் கை தூக்கினான்:
வண்டி வரலைன்னா?
நல்ல கேள்வி. என் நம்பரைக் கொடுத்தேன்.

பின்வரிசையில் ஒரு வெல்டர், நரைத்த மீசை.
தம்பிக்கு எந்த ஊர்?
விழுப்புரம் பக்கம்.
பக்கம்னா?
சொன்னேன்.
அங்கே எந்தத் தெரு?

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுவது அப்போதுதான் காதில் விழுந்தது.
அந்தக் கேள்வியும்
மெடிக்கல் தேறி, விசா அடித்து,
எங்களோடு அதே விமானத்தில் வந்திருக்கிறது.

இன்டஸ்ட்ரியல் ஏரியா, தெரு எண் பதினான்கு,
சுத்திகரிப்பு நிலையம், இரண்டாவது கேட், என்றேன்.
நாளைக்குப் பார்வையாளர் நாள்.
பூட்ஸ் நாங்களே தருவோம்.

ஒன்பது பேர் வந்தார்கள். அவர் வரவில்லை.
ஜெகதீசன் மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை
எடுக்கவே இல்லை.
அண்ணே, இது எங்க கேம்ப்போடதா?
எல்லாருதும்தான். மேனேஜர் வில்லாவோடதும்.
பிரிக்கிறதுக்கு இங்கே மெஷின் இல்லை.

மூன்று வாரம் ஏழாம் நிலையம் மூச்சு விடவில்லை.
நாலாவது வியாழன், இரவு இரண்டு நாற்பது, அலாரம்.
கையுறை, கொக்கி, டார்ச்.
வெளியே வந்தது
நீல ஓரம் தைத்த ஒரு பனியன்.
பம்பு இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
அடைப்பு, துணி. எண்ணெய் இல்லை.
எண்ணெய் இல்லை என்பதற்கு
அடிக்கோடு இட்டேன்.