ஐஸ் சீட்டு

புயல் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
ஆறு நாள் கழித்து இன்றைக்கு டோக்கன்.
மூன்று மணிக்கு மேல் வருவார்கள் ஐஸ் ஏற்ற.
மண்டபம் தெற்குக் கரை இன்னும் விழிக்கவில்லை.

கலந்தர் அண்ணன் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு
பீடிக்காகக் கேட்டுக்கு வெளியே போயிருக்கிறார்.
நான் சீட்டு எழுதுகிறவள்.
மேஜையில் கார்பன் தாள், ரப்பர் முத்திரை,
சாந்தகுரூஸ் முப்பத்தேழு பார் ஐஸ் கடனுக்கு
வைத்துவிட்டுப் போன பைனாகுலர்.
அதன் வலது கண்ணில் உப்புப் பூத்திருக்கிறது.
இடது கண் நல்ல கண்.

கார்த்திகைக் கூட்டம் மேற்கே சரிகிறது.
அதற்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி,
மினுக்காமல் ஒரு புள்ளி.
யுரேனஸ்.
ஐஸ் பாரை விளக்குக்கு எதிரே நிமிர்த்தினால்
ஓரத்தில் ஒரு நிறம் தெரியுமே,
பச்சையா நீலமா என்று சொல்ல வராமல்,
அது.

பனிக்கோள் என்கிறார்கள். பெயர்தான்.
உள்ளே ஆயிரக்கணக்கான டிகிரி.
தண்ணீரும் மீத்தேனும் அம்மோனியாவும்
உறையவும் வழியில்லாமல் பறக்கவும் வழியில்லாமல்
அமுங்கிக் கிடக்கிற சூடு.
அம்மோனியா எனக்குத் தெரியும்.
போன தையில் வால்வு விட்டபோது
ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினோம்.
ரெமிஜியூசுக்கு ஒரு கண் இன்னும் கலங்கல்.
இங்கே குழாய்க்குள் இருக்கும்வரைதான் அதனால் ஐஸ்.
அங்கே குழாயே கிடையாது.
மேகத்தில் அழுகிய முட்டை வாடையாம்.
இருக்கட்டும்,
மீன் கம்பெனிக்குப் பின்னால் குடியிருப்பவளுக்கு
அதெல்லாம் ஒரு குறையா.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்.
மூன்று தடவை கூட்டிப்போனாள் அம்மா, செவ்வாய்க்காக.
ஈரப் பாவாடை காலைக் கட்ட,
பாசி வழுக்க,
நவதானியம் தூவினோம். குஞ்சு மீன்கள் தின்றன.
செவ்வாய் அசையவில்லை.
இப்போது எண்ணிப் பார்க்கிறேன்:
ஒன்பதில் இதற்குக் கல் இல்லை.
நெப்டியூனுக்கும் இல்லை.
எந்தக் கட்டத்திலும் உட்காராதவை.
யார் கல்யாணத்தையும் தள்ளிப் போடாதவை.

எனக்கு ஒரு வயது நடக்கும்போது
விண்கலம் ஒன்று இதன் பக்கம் வந்ததாம்.
காப்பி ஆறுகிற நேரம் நின்றிருக்கும்.
முகத்தில் ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டு
நெப்டியூன் வீட்டுக்குப் போய்விட்டது.
அங்கே புயல் இருந்தது, கறுப்பாய், பூமி அகலத்துக்கு.
அந்த முகம் பிடித்துப் போயிருக்கும்.
அதற்கப்புறம் இரண்டு வாசலுக்கும் ஒருவரும் வரவில்லை.
பிறகு தூரத்திலிருந்துதான் கண்டார்கள்,
இதிலும் மேகம் எழும், புயல் சுழலும்,
நேரம் வரவேண்டும் என்று.

நேரம் என்றால்,
படுத்துக்கொண்டே சுற்றுகிறது அது.
சூரியனை ஒருமுறை வர எண்பத்து நாலு வருஷம்.
ஒரு முனையில் நாற்பத்திரண்டு வருஷம் பகல்,
அப்புறம் அதே அளவு ராத்திரி.
நான் பிறந்தபோது வெயில் விழுந்த முனை
இப்போது இருட்டில் இருக்கிறது.
எனக்கு நாற்பத்தொன்று.
அதன் கணக்கில் ஆறு மாசம், இன்னும் பல் முளைக்கவில்லை.
அண்ணியிடம் சொன்னால் சிரிப்பாள்.
சொல்லவில்லை.

நெப்டியூன் ஒரு மணிக்கே உச்சிப்புளிப் பக்கம் இறங்கிவிட்டது.
இருந்திருந்தாலும்
இந்த ஒற்றைக் கண்ணுக்குச் சிக்கியிருக்காது.
யுரேனஸ் வெளிச்சம் வந்து சேர இரண்டரை மணி நேரம்.
அது கிளம்பியபோது நான்
கொசுவர்த்தியை அணைக்கலாமா என்று படுத்திருந்தேன்.

கேட்டில் டாடா ஏஸ் வெளிச்சம்.
"அக்கா, இருபது பார் போடுங்க.
அந்தக் கண்ணாடியையும் குடுங்க, வந்து தர்றேன்."
கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டும்தான்.
முந்தானையால் உப்பைத் துடைத்துக் கொடுத்தேன்.
நிமிர்ந்து பார்த்தால்
வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஐஸ் இருபது. பழைய பாக்கி முப்பத்தேழு.
முத்திரை படுத்த வாக்கில் விழுந்துவிட்டது.
திருத்தி அடிக்கவில்லை.
அடுத்தது யார்?