இரட்டை விசில்

காரைக்குடியிலிருந்து மாட்டுத்தாவணி வரை
பதினோரு கழிவறைகள்.
ஏழில் கதவு உண்டு, நாலில் தாழ்ப்பாள்.
திருப்பத்தூரில் தண்ணீர் வரும், மேலூரில் வராது.
கீழவளவில் கழிவறையே கிடையாது,
ஒரு கருவேலங்காடும் கல்குவாரிப் பள்ளமும்தான்.
பதினாலு வருடக் கண்டக்டர் நான்;
ஸ்டேஜ் விலையைவிட இதுதான் மனப்பாடம்.

முதலில் மூலம் என்றார்கள்.
சூடு என்றார்கள். வெந்தயம், மோர், மாதுளைத் தோல்.
தேவகோட்டையில் ஒருவர் கோழிக்குழம்பை விடச் சொன்னார்.
விட்டேன்.
ரத்தம் என்னை விடவில்லை.

மாத்திரை. அப்புறம் ஸ்டீராய்டு.
முகம் ஊதிப்போய் நின்றவனை
"சார் செழிப்பா இருக்கீக" என்றாள் பள்ளத்தூர்ப் பூக்காரி.
அன்றைக்குப் பதினாறு தடவை போயிருந்தேன்.
டிக்கெட் மெஷின் தாளின் முதுகில் கோடு போட்டு வைப்பேன்,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

கெஞ்சி வாங்கிய டவுன் பஸ்.
கானாடுகாத்தானில் ஒரு மத்தியானம் இறங்கி ஓடினேன்.
தெரு நீளத்துக்கு ஒரே வீடு, பெரிய பூட்டு.
காவல்காரர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை,
அடுத்த தெருவிலிருந்த பின்வாசலுக்குச் சுற்றிக் கூட்டிப்போனார்.
அத்தனை பெரிய வீட்டில்
கழிவறை கடைசிக் கட்டின் கடைசி மூலையில்.
போய்ச் சேரும் முன்பே
காக்கி, காக்கியாக இல்லை.
அவர் கிணற்றில் இறைத்து ஊற்றினார்.
தன் வேட்டியில் ஒன்றைத் தந்தார்.
அதைக் கட்டிக்கொண்டுதான் மீதி டிரிப்புக்கும் டிக்கெட் கொடுத்தேன்.

மதுரையில் டாக்டர் நிலோஃபர் சுற்றி வளைக்கவில்லை.
முதல் ஊசி ஒன்பது மாதம் கேட்டது,
பிறகு உடம்பு அதையே எதிரி ஆக்கிக்கொண்டது.
இரண்டாம் ஊசி பாதி கேட்டது.
"பெருங்குடலை எடுத்துட்டு வயித்துல பை வைக்கலாம்.
இல்லன்னா பாதி கேட்ட ஊசியை நிறுத்தாம
கூட ஒரு மாத்திரை சேர்க்கலாம்.
சிலருக்குக் கேட்டிருக்கு.
சிலர்னா சிலர்தான், செபஸ்தியான்.
பெரிய கணக்கு இன்னும் யாரும் எடுக்கல."

விளங்கும்படி கேட்டேன்.
ஊசி வாசலில் நிற்குமாம்,
குடலுக்குள் ஏற வரும் வெள்ளணுவை ஏறவிடாது.
மாத்திரை உள்ளே போகுமாம்,
ஏற்கெனவே ஏறிவிட்டவர்களின் கூச்சலை அடக்கும்.
முன்படிக்கு ஒருத்தர் பின்படிக்கு ஒருத்தரா என்றேன்.
சிரித்துவிட்டார்.
ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும்,
இரட்டை விசிலுக்குத்தான் நகரும்.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

காசநோய்ச் சோதனை, ஈரல், கொழுப்பு, அக்கிக்குத் தடுப்பூசி.
சம்மதத் தாளில் இரண்டு பக்கம் பயம்.
காப்பீட்டுக் கம்பெனி ஒரு மருந்துக்குத்தான் தலையாட்டியது.
மற்றதற்குச் செசிலி வளையலைக் கழற்றினாள்.
"ஒண்ணு கேக்கலைன்னுதானே ரெண்டு.
ரெண்டும் கேக்கலைன்னா?"
அடகுச் சீட்டை மடித்து
பைபிளுக்குள் வைத்தேன்.
எந்த அதிகாரம் என்று பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் பதினொன்று.
ஐந்தாம் வாரம் ஏழு.
ஆறில் காய்ச்சல், மாத்திரை நிறுத்தம்,
ஒரே இரவில் பன்னிரண்டு. திரும்பவும் ஆரம்பம்.
பதினாலாம் வாரம் மூன்று. ரத்தமில்லை.
கேமராவை வெளியே எடுத்தபின் டாக்டர் சொன்னார்:
"ஆறிக்கிட்டிருக்கு.
ஆறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்."

இன்று அடுத்த ஊசிக்குப் போகிறேன்.
வயிரவன் ஓட்டும் வண்டி,
ஜன்னலோரம் துண்டு போட்டு வைத்திருந்தான்.
கண்டக்டர் புதுப் பையன்,
முதல் விசிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
ஒரு கிழவி ஏறி உட்கார்ந்துவிடலாம்.
குன்றக்குடியில் முறுக்கு வாங்கினேன்.
கூடாதுதான்.
பக்கத்து சீட்டுக் குழந்தை பாதியைப் பிடுங்கித் தின்று
என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியது.
அது நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மேலூர், மேலூர்" என்று கத்தினான் பையன்.

வெளியே எட்டிப் பார்த்தேன்.
கீழவளவு எப்போது போனது?