கையைப் பார்த்து

எக்ஸ்கவேட்டரின் கூண்டுக்குள் உட்கார்ந்தால்
வாளிக்குப் பின்னால் இருப்பது தெரியாது.
இருபத்திரண்டு டன் இரும்பை
இஸ்ரவேலின் கையைப் பார்த்துத்தான் ஓட்டினேன்,
பதினொரு வருஷம்.
ஆரஞ்சுக் கையுறை. உள்ளங்கை என் பக்கம்.
விரல் மடங்கினால் வா.
முட்டி மூடினால் நில்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆயர் ஈத்தாம் மேட்டில், ஐப்பசி மழையில்,
மலை தன் பாதியை உதறியபோது
நான் கீழே கோப்பி கட்டப் போயிருந்தேன்.
இரண்டு பொட்டலம். அவனுக்குச் சீனி குறைவு.
திரும்பினால்
பாதை இருந்த இடத்தில்
செம்மண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

போம்பாக்காரர்கள் என்னைத்தான் ஏறச் சொன்னார்கள்.
சைகை காட்ட ஒரு பையனை நிறுத்தினார்கள்.
ஹஃபிஸ் என்று பெயர். நடுங்கும் கை.
முதல் நாள் ஷஃபிக்குல் கிடைத்தான்.
மறுநாள் அவன் தம்பி.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது,
ஞாயிறு பள்ளியில் படித்த கணக்கு.
நான்காம் நாள் மத்தியானம்
மண்ணில் ஒரு துண்டு ஆரஞ்சு.

இஞ்சினை அணைத்தேன்.
மீதியை விரலால் தோண்டினேன்.
நாலு நாள் கல்லறையில் கிடந்தவனைக்கூட
பெயர் சொல்லிக் கூப்பிட்டாராமே.
நானும் கூப்பிட்டேன்.
இஸ்ரவேல், வெளியே வாடா.
மழை பெய்துகொண்டிருந்தது.

போதகர் வீட்டுக்கு வந்தார்.
கர்த்தருடைய சித்தம் என்று ஆரம்பித்தார்.
நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன்.
அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஜெபித்துவிட்டுப் போனார்,
பாவம், நல்ல மனிதர்.
அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை.
ஞாயிறு காலைகளில் வேனைக் கழுவினேன்,
ஏற்கெனவே கழுவியிருந்த வேனை.
கூண்டில் ஏறினால் கால் உதறியது.
முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

லெந்து நாளொன்றில் எஸ்தர் வந்தாள்.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
"உயிர்த்த ஞாயிறு விடியல் ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில.
நாற்பது நாற்காலி கொண்டுபோகணும்.
உங்க வேன் வேணும். நாலு மணிக்கு."
எப்படிம்மா போறே நீ அங்கெல்லாம் என்றேன்.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.
"கல்லைப் புரட்ட ஆள் இருக்கான்னு தெரிஞ்சா
அந்தப் பொம்பளைங்க கிளம்பினாங்க?
தைலத்தை எடுத்தாங்க, இருட்டோட நடந்தாங்க.
திறந்திருக்கும்னு நானும் நினைக்கலண்ணே.
போகாம இருக்க முடியல, அவ்வளவுதான்."

என் தொழிலே கல் புரட்டுவது.
நாற்பது வருஷமாய் அந்தக் கதையைக் கேட்கிறேன்.
அவர்கள் கையில் ஒரு கடப்பாரைகூட இல்லை என்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நாலு மணி. தோட்டத்து வாசல் குறுகல்.
பின்பக்கமாகத்தான் வேனை ஏற்ற வேண்டும்.
கண்ணாடியில் ஈரமான கெம்போஜா மரம்,
அதற்கப்பால் மையிருட்டு, அதில் எங்கோ அவன்.
கியரில் கை வைத்தபடி
உட்கார்ந்தே இருந்தேன்.
பின்னால் நாற்காலிகள் ஒன்றோடொன்று உரசின.

வேனின் பின்விளக்கு வெளிச்சத்துக்குள்
எஸ்தர் வந்து நின்றாள்.
மெழுகுவர்த்திப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒரு கையை உயர்த்தினாள்.
உள்ளங்கை என் பக்கம்.
சோறு போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே,
எந்த ராத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தானோ.
விரல்கள் மடங்கின.

எனக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.
கண்ணாடி கலங்கியது, அல்லது கண்.
கிளட்சை விட்டேன்.

வா.
வா, வா.
இன்னும் ஒரு சாண்.