பதினான்காம் கேள்வி

பேட்டி எடுப்பவர் முனைவர் ஹெடா வோர்னர்.
நான் அந்த ஒலியை எழுத்தாக்குகிறவள்.
பிரேமனில், நான்காம் மாடியில்,
மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும்,
குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும்
ஒரு கறுப்பு மிதிகட்டைதான் என் பிழைப்பு.
சிரித்தால் ‘சிரிப்பு’ என்று எழுதவேண்டும்.
மௌனம் என்றால் நொடிகளை எண்ணவேண்டும்.
பெருமூச்சுக்கு இன்னும் குறியீடு தரவில்லை.

பதினான்காம் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே:
கடல் மட்டம் உயர்வது பற்றி
உங்களுக்கு எவ்வளவு கவலை?
ஒன்று என்றால் துளியும் இல்லை.
ஐந்து என்றால் தூக்கம் இல்லை.

வடகடலில் தட்டையாய் ஒரு தீவு.
பெரிய அணை கிடையாது. ஐந்து மண்மேடுகள்,
மேட்டுக்கு இரண்டு மூன்று வீடுகள், மாடுகள்.
குளிர்காலத்தில் கடல் புல்வெளிக்குள் வந்து
மேடுகளை மட்டும் மிச்சம் வைத்து
இருந்துவிட்டுப் போகும்.
அதற்கு அவர்களிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது,
‘நிலம் அடியில்’ என்று பொருள்.
தூறல் போடுகிறது என்பதுபோல் சொல்கிறார்கள்.

டாடே கெட்டெல்சன், அறுபத்தொரு வயது, மாடு வளர்ப்பவர்.
இரண்டு, என்கிறார்.
உடனே நாற்காலி நகரும் சத்தம்.
ஜன்னல்வரை ஆறு காலடி.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு
அதே ஆறு காலடி திரும்பி வருகிறது.
பேட்டி முழுக்க ஒன்பது தடவை.
நான் இரண்டு என்றுதான் நிரப்பினேன்.
காலடிக்குக் கட்டம் இல்லை.

தபால் கொண்டுபோகும் இங்கென் நமென்ஸ்:
ஒன்று. அதுவும் நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்காக.
பிறகு மாடிக்குக் கூட்டிப்போகிறார். படிகள் முனகுகின்றன.
வீடே கரைந்து போனாலும்
நான்கு கான்கிரீட் தூண்மேல் நிற்கப்போகும் அறை.
இதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?
இஸ்திரிப் பலகை. டப்பாவில் அடைத்த பேரிக்காய்.
கல்யாண ஆல்பம், முதல் கல்யாணத்தினுடையது. (சிரிப்பு)
ஒரு கோடரி.
கோடரி எதற்கு?
கூரையை உள்ளேயிருந்து உடைக்க.
இப்போது சிரிப்பு இல்லை, வேறு ஏதோ.
இரண்டு முறை ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை.

ஆசிரியை ஃப்ரௌக்கெ மட்டும் சட்டென்று: ஐந்து!
ஹெடா நிமிர்ந்து உட்கார்வது எனக்கே கேட்டது.
மூன்று பிள்ளைகள்தான் பள்ளியில். கோடையில்
ஒரு குடும்பம் கரைக்குக் குடிபோகிறது. மீதி ஒன்று.
ஒன்றை வைத்துக்கொண்டு யாராவது பள்ளி நடத்துவார்களா?
…ஓ, நீங்கள் கடலைக் கேட்டீர்களா?

மூன்றாம் நாள் படகு வரவில்லை.
ஒலிப்பதிவை நிறுத்த மறந்திருக்கிறார்.
நாற்பது நிமிடம்: மாடுகளை மேட்டுக்கு ஓட்டும் அதட்டல்,
கதவிடுக்கில் பலகை செருகும் சத்தம்,
அப்புறம் ஒரு பெரிய மிருகம்
சுவரில் முதுகு தேய்ப்பதுபோல் ஒன்று.
அதற்கு நடுவே டாடே, சீட்டைக் கலைத்தபடி:
உங்கள் எண் என்ன, முனைவரே?

பதினொரு நொடி.
திரும்ப எண்ணினேன். பதினொன்றேதான்.

எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், என்கிறார் ஹெடா.
இன்று ராத்திரியைப் பற்றி, என்கிறார் அவர்.
பதில் வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கம்:
சராசரி இரண்டு புள்ளி நான்கு.
கவலை மிதம். விழிப்புணர்வு போதாது.
கோடரி அடிக்குறிப்பில்கூட இல்லை.
ஹெடா அதைச் சேர்த்துத்தான் அனுப்பினாராம்,
பக்க வரம்பு என்று திரும்பி வந்ததாம்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மூன்று என்றிருப்பேன்,
பேச்சை முடிக்க நினைப்பவர்கள் சொல்லும் எண்.
வேசர் ஆறு எங்கள் தெருவுக்கு
இரண்டு தெரு தள்ளித்தான் ஓடுகிறது.

நேற்று நிலவறையிலிருந்து மகளின் செலோவை
மாடிக்கு ஏற்றினேன்.
எதற்கு இப்போது, என்றார் கணவர்.
கீழே இடம் போதவில்லை, என்றேன்.