நீலச் சதுரம்

அறைப் பொறுப்பாளர் ஜெகபர் வாட்ஸாப்பில் அதிகம் எழுதமாட்டார்.
தேரா, நைஃப், மூன்றாம் மாடி, பத்துப் படுக்கை.
நிரம்பினால் குழுவில் சிவப்புச் சதுரம்,
இடம் விழுந்தால் நீலம்.
உள்ளே ஏதோ சீன எழுத்து என்றிருந்தோம்.

எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை:
ஒரு கூரை, அதிலிருந்து தொங்கும் இரண்டு கால்,
அடியில் மேல்பலகை, கீழ்ப்பலகை, நடுவே ஒற்றைக் கம்பி.
எங்கள் அடுக்குக் கட்டில்தான், அச்சு அசல்.
தொங்குவது லூர்துவின் கால் என்றேன்.
அவனே சிரித்தான்.

கராமா சுஷிக் கடையில் தட்டு கழுவும் தமாங்
ஒருநாள் போனை வாங்கிப் பார்த்தான்.
ஜப்பான் எழுத்து. காலி என்று அர்த்தம்.
அங்கே டாக்சி நெற்றியில் எரியுமாம்.
"வானத்துக்கும் இதே எழுத்துதான்" என்றான், போகிறபோக்கில்.
"அதுக்கு வாடகை எவ்வளவு?" லூர்து கேட்டான்.

நேற்று மதியம் அவன் விசா கேன்சல்.
ராத்திரி விமானம்.
தலையணைக்கடியில் பாதித் தைலப்புட்டி,
ஏசி சொட்டுக்கு அவன் கட்டிவைத்த தயிர் டப்பா.
தண்ணீரை நான் இன்னும் கொட்டக்கூட இல்லை,
டிங்கென்று நீலம்.

அதன்கீழே ஏழு பேர் விலை கேட்டிருந்தார்கள்.
சிவப்பு வருமுன்
மேலேறிப் படுத்துப் பார்த்தேன்.
முகத்துக்கு இரண்டு சாண் மேலே
சிமெண்ட்.