வாசலிலேயே

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
இரவு இரண்டே கால். சேமிப்பகம் உறைந்து நிற்கிறது,
குளிரால் அல்ல.

இந்தப் பக்கம் அனுப்பியது நாலாயிரத்துச் சொச்சம் பைட்.
அந்தப் பக்கம் ஏந்தியிருந்தது
ஆயிரம் கொள்கிற கை.
இணைப்பு அறுந்தது. மறுபடி ஹலோ. மறுபடி அறுந்தது.
பதிவேட்டில் இதே வரி அறுநூறு முறை.

அளவு கேட்பது கோப்பு நெறிமுறையின் வேலை என்கிறான் ஆட்ரியன்,
கால்கரியில், போர்வைக்குள்ளிருந்து.
அது வாய் திறப்பதே முதல் பொதியோடுதானே?
சுமையைத் தலையில் இறக்கிவிட்டா
தாங்குமா என்று கேட்பது?

பதில் இல்லை. கொட்டாவி கேட்டது.

மொய்ரா புது டிஸ்க் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.
தூக்கும் முன் தோளைத் தொட்டுக் காட்டி,
"போன மாசம்தான் ஆபரேஷன். இடுப்புக்கு மேல முடியாது."
இடுப்பளவிலேயே நகர்ந்தோம்
நண்டு மாதிரி, பன்னிரண்டாவது ரேக் வரை.

திரும்பி வந்து அமைப்பை மாற்றினேன்:
அளவுகள் இணைப்புக் கோரிக்கையிலேயே போகட்டும்,
கோப்பைப் பற்றி ஒரு சொல் பேசுமுன்.
எந்தக் கை சின்னதோ அதுவே கணக்கு.

மூன்றரைக்குப் பச்சை விளக்கு.
ஆட்ரியன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே
எஞ்சின் ஹீட்டரின் வயரைக் கம்பத்திலிருந்து பிடுங்காமலே
காரை ரிவர்ஸ் எடுத்தேன்.